மேற்கோளின் வேர் வரை: ஆய்வு மாணவர்களுக்குத் தகவல் எழுத்தறிவு செமினார் நடத்துவது எப்படி

பல்கலைக்கழகங்களில் தகவல் எழுத்தறிவு (தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறன்) வகுப்பு என்றால் பெரும்பாலும் இரண்டு மணி நேரச் சுற்றிக்காட்டல்தான். புரொஜெக்டரில் ஒவ்வொரு தரவுத்தளமாகத் திறந்து காட்டுவார்கள், மாணவர்கள் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் சான்றிதழ். அடுத்த வாரம் அதே மாணவர் தன் ஆய்வுத் தலைப்பை முழு வாக்கியமாகக் கூகுளில் தட்டி, முதல் பக்கத்தில் வந்த நான்கு கட்டுரைகளை இறக்கிக்கொண்டு, அவற்றின் முன்னுரையில் இருக்கும் மேற்கோள்களையே தன் இயலில் எடுத்து எழுதுவார். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒரு கூற்று எங்கிருந்து கிளம்பியது என்று பின்தொடர்ந்து போகும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை ஒரு பருவத்துக்குள் உண்டாக்கும் செமினார் முறை இது. தமிழ்நாட்டில் கோர்ஸ்வொர்க் படிக்கும் முதலாண்டு முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. முதுகலை இரண்டாம் ஆண்டுக்கும் பொருந்தும்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-இல் ஒப்புதல் தந்து கட்டாயமாக்கிய ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் தாள் 2 கிரெடிட், 30 மணி நேரம். அதில் தரவுத்தளங்களுக்கென்று ஒதுக்கியிருப்பது 4 மணி நேரம். அதற்குள் சுற்றிக்காட்டத்தான் முடியும், தேடிப் பழக முடியாது. ஆகவே இதைத் தனி செமினாராக, வாரம் 2 மணி நேரம், 14 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பேர் சரியான அளவு. 15-ஐத் தாண்டினால் ஒவ்வொருவர் தேடலையும் எல்லோரும் பார்த்துப் பேச நேரம் இருக்காது, அது மறுபடி விரிவுரையாகிவிடும். வெவ்வேறு துறை மாணவர்கள் கலந்திருப்பது நல்லது. வேதியியல் மாணவருக்குத் தானாகத் தெரிந்த ஒன்றை வரலாற்று மாணவர் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் வகுப்பு நகரும்.

பருவம் தொடங்குமுன்

நூலகத்தின் சந்தாக்களை மாணவர் கணக்கில் நுழைந்து சோதியுங்கள், உங்கள் கணக்கில் அல்ல. துறைக் கணினியில் திறக்கும் ஆய்விதழ் விடுதி வைஃபையில் திறக்காமல் போவது சாதாரணம். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களைத் தருகிறது என்றாலும், அது மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. உங்கள் மாணவர்களில் தனியார் கல்லூரியிலிருந்து பகுதிநேரமாகப் பதிவு செய்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு எது திறக்கும், எது திறக்காது என்று முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பார்க்கச் சின்ன விஷயம்: 12 பேரும் ஒரே வளாக இணைப்பிலிருந்து ஒரே நேரத்தில் கூகுள் ஸ்காலரில் தேடினால், கொஞ்ச நேரத்தில் அது இயந்திரம் என்று சந்தேகப்பட்டுப் படப்புதிர் போட ஆரம்பிக்கும். வகுப்பு அங்கேயே நின்றுவிடும். இரண்டு பேருக்கு ஒரு கணினி கொடுங்கள், பாதிப்பேரை வேறு தரவுத்தளத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

மாணவர்களிடம் முன்கூட்டியே ஒரு பக்கத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஆய்வுத் தலைப்பு, தங்கள் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அவர்கள் நினைக்கும் மூன்று கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எங்கே படித்தார்கள் என்ற குறிப்பு. ‘எல்லோருக்கும் தெரிந்ததுதான்’ என்று ஆதாரக் கட்டத்தில் எழுதுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். திருத்த வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முழுவதற்கும் மூலப்பொருள் அதுதான்.

‘உங்களுக்குத் தேடத் தெரியுமா? 1 முதல் 5 வரை மதிப்பிடுங்கள்’ என்ற படிவம் மட்டும் வேண்டாம். மெலிசா கிராஸ், டான் லேதம் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் தொடர்ந்து கண்டது இது: தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுபவர்களே தங்கள் திறனை மிக அதிகமாக மதிப்பிடுகிறார்கள். படிவத்துக்குப் பதிலாக 20 நிமிட வேலை ஒன்று கொடுங்கள். ஒரு நாளிதழ்ச் செய்தியில் ‘ஆய்வு ஒன்று கூறுகிறது’ என்று வரும் வரியைக் கொடுத்து அந்த மூல ஆய்வைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். யார் எங்கே சிக்குகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

முதல் இரண்டு வாரம்: ஐந்து வாக்கியக் கடிதம்

கோட்பாட்டில் தொடங்காதீர்கள். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கம் தகவல் எழுத்தறிவுக்கு வகுத்த ஆறு சட்டகங்களை (2016-இல் ஏற்கப்பட்டவை) முதல் நாளே ஸ்லைடு போட்டால் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யத் தயாராகிவிடுவார்கள். அதற்கான இடம் எட்டாம் வாரத்துக்குப் பிறகு, அவர்கள் கையில் சொந்த அனுபவம் கொஞ்சம் சேர்ந்தபின்.

தொடக்கத்துக்கு ஒரு வழக்கு போதும். 1980 ஜனவரி 10 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. மொத்தம் ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 39,446 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், 11,882 பேருக்குக் குறைந்தது ஒருமுறை போதைத்தன்மையுள்ள வலிநிவாரணி தரப்பட்டிருந்தது. முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களில் ஓரளவு உறுதியாகப் பதிவான அடிமைத்தனம் நான்கு பேரிடம் மட்டுமே இருந்தது என்றது கடிதம். 2017-இல் அதே இதழில் கனடா ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டியவர்களை எண்ணினார்கள்: 608 கட்டுரைகள். அவற்றில் 439 அடிமைத்தனம் அரிது என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டின. 491 கட்டுரைகள், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் என்பதைச் சொல்லவேயில்லை. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களுக்கும் அது பொருந்தும் என்பதுபோல் அந்த வரி பரவிற்று.

இதைக் கதையாகச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மாணவர்கள் வியப்பார்கள், அவ்வளவுதான். வகுப்பில் இந்த வரிசையில் நடத்துங்கள். முதலில் கடிதத்தைக் காட்டாமல், அதை மேற்கோள் காட்டிய ஒரு கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் கொடுங்கள். இந்த வாக்கியத்தை நம்பினால் மூலக் கட்டுரையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் 10 நிமிடம் எழுதட்டும். எத்தனை பேரை ஆராய்ந்தார்கள், எவ்வளவு காலம் தொடர்ந்தார்கள், அடிமைத்தனத்தை எப்படி வரையறுத்தார்கள் என்று பட்டியல் நீளும். பிறகு மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க 15 நிமிடம். பாதிப்பேர் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சுருக்கக் குறிப்பைப் பார்த்துவிட்டு ‘கிடைத்துவிட்டது’ என்பார்கள். விடாதீர்கள், முழு உரையைக் கேளுங்கள். அதைத் திறந்ததும் அறையில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ‘மீதிப் பக்கம் எங்கே?’ மீதிப் பக்கம் கிடையாது. தாங்கள் எழுதிய பட்டியலை அந்த ஐந்து வாக்கியத்தோடு ஒப்பிட்டு, பதில் இல்லாத கேள்விகளின் மேல் கோடு போடச் சொல்லுங்கள். எவ்வளவு காலம் மருந்து எடுத்தார்கள், வீடு திரும்பியபின் என்ன ஆயிற்று என்பவற்றுக்கு அங்கே பதில் இருக்காது. கடிதத்தை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வைக்கவேண்டும். சொன்ன அளவுக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். கெட்டுப்போனது கைமாறிய இடங்களில்.

வீட்டுவேலை: முன்பு வாங்கிவைத்த தாளிலிருந்து தங்கள் மூன்று கூற்றுகளில் ஒன்றை இதேபோல் வேர்வரை கொண்டுபோகவேண்டும். ஒவ்வொரு படியிலும் யார் யாரை மேற்கோள் காட்டினார், வாக்கியம் எப்படி மாறியது என்று கையால் ஒரு சங்கிலி வரையவேண்டும். அவகாசம் இரண்டு வாரம். இங்கே பொதுவாக நேரும் தவறு, சங்கிலி ஒரு பாடநூலில் போய் முட்டியதும் நிறுத்திவிடுவது. பாடநூலும் யாரிடமிருந்தோதான் எடுத்தது. நூலில் அடிக்குறிப்பு இல்லையென்றால் ‘இங்கே தடம் அறுகிறது’ என்று எழுதச் சொல்லுங்கள். அறுந்த சங்கிலிக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் கற்பனையாக ஒரு வேரை நட்டுக்கொண்டு வருவார்கள்.

தேடல் பதிவேடு

மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொருவரும் தேடல் பதிவேடு வைக்கவேண்டும். கூகுள் ஷீட் போதும், காகித நோட்டும் போதும். கட்டங்கள்: தேதி, எங்கே தேடினேன், தேடிய சொற்றொடர் அட்சரம் பிசகாமல், வடிகட்டிகள், வந்த முடிவுகளின் எண்ணிக்கை, எத்தனை தலைப்புகளைக் கண்ணால் பார்த்தேன், எவற்றை எடுத்தேன், புதிதாகத் தெரிந்துகொண்ட சொற்கள், அடுத்து என்ன மாற்றப்போகிறேன். கடைசி இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். அவை காலியாக இருந்தால் அந்தப் பதிவேடு வரவு-செலவுக் கணக்கு மட்டுமே. மறுவாரம் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய பதிவேட்டை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அதில் தோற்றுப்போன தேடலே இருக்காது. எல்லா எண்ணிக்கையும் முழு நூறாக இருக்கும்.

தேடலை எப்படித் தொடங்குவது? தலைப்பை மூன்று நான்கு கருத்துகளாக உடைத்து, தாளில் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பத்தி (நெடுவரிசை) போடச் சொல்லுங்கள். ‘கிராமப்புறப் பள்ளி மாணவிகளின் கைபேசிப் பயன்பாடும் கற்றலும்’ என்றால் இடம், ஆட்கள், கருவி, விளைவு என நான்கு பத்திகள். ஒவ்வொரு பத்தியின் கீழும் ஒரே பொருள் தரும் சொற்கள் குறைந்தது ஐந்து. பத்திக்குள் இருப்பவற்றை ‘ஆர்’ (அல்லது) இணைப்பால் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். பத்திகளுக்கு இடையே ‘அண்ட்’ (மற்றும்). அடைப்புக்குறியை விட்டுவிடுவதுதான் மிகப் பொதுவான பிழை. விட்டால் தரவுத்தளம் தன் இஷ்டப்படி சேர்த்துக்கொள்ளும், சம்பந்தமில்லாத முப்பதாயிரம் முடிவுகள் வரும், மாணவர் ‘என் தலைப்பில் நிறைய இருக்கிறது’ என்று மகிழ்ந்துபோவார். நான்கு பத்திகளையும் முதல் தேடலிலேயே கோக்கவேண்டாம், பூஜ்யம்தான் கிடைக்கும். இரண்டில் தொடங்கி, முதல் 20 தலைப்புகளையும் சுருக்கங்களையும் படித்து, ஆய்வாளர்கள் உண்மையில் பயன்படுத்தும் சொல் எது என்று பார்த்துவிட்டு மூன்றாவதைச் சேர்க்கவேண்டும்.

கூகுள் ஸ்காலரின் எல்லைகளைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் 1,000-க்கு மேல் பார்க்க விடாது. தேடல் வரியின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னோக்கிப் போக அது மிக நல்ல கருவி. முறையான இலக்கிய மீளாய்வுக்கு அதை மட்டுமே நம்பினால் இன்னொருவர் அதே தேடலைத் திரும்பச் செய்து அதே முடிவைப் பெற முடியாது.

தமிழில் தேடும்போது

தமிழ், வரலாறு, நாட்டாரியல் மாணவர்கள் இருந்தால் ஒரு முழு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். மற்றவர்களும் உட்காரட்டும். ஆங்கிலத் தரவுத்தளத்தில் மறைந்து கிடக்கும் பிரச்சினைகள் இங்கே அம்பலமாகத் தெரியும்.

பலகையில் ஒரே ஒரு பெயரை எழுதுங்கள்: உ.வே.சா. நூலகப் பட்டியல்களில் அவர் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சாமிநாதய்யர், சுவாமிநாத ஐயர் என்று பல வேடங்களில் இருக்கிறார். ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது நிலைமை இன்னும் மோசம். வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குபவர், அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ‘சி’ எழுத்துக்குப் போய்விடுவார். ‘எஸ்’ வரிசையில் மட்டும் தேடிய மாணவர், சிகாகோ நூலகத்தில் ஒன்றுமில்லை என்று வந்து சொல்வார். ஆசிரியர் பெயருக்கு நூலகங்கள் வைத்திருக்கும் அதிகாரப் பதிவை (ஒருவரின் வெவ்வேறு பெயர் வடிவங்களை ஒன்றாக இணைக்கும் பதிவு) எப்படித் திறப்பது என்று அப்போது காட்டினால் மனத்தில் நிற்கும்.

அடுத்தது சந்தி. ‘கல்வி கொள்கை’, ‘கல்விக் கொள்கை’, ‘கல்விக்கொள்கை’ மூன்றையும் தனித்தனியாகத் தேடி எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வேற்றுமை உருபும் அப்படியே. ‘சிலப்பதிகாரம்’ என்று தேடினால் ‘சிலப்பதிகாரத்தில்’ என்ற தலைப்பு பல பட்டியல்களில் வராது. சொல்லை ‘சிலப்பதிகார’ என்று வெட்டி நட்சத்திரக்குறி போடும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தவேண்டும். இல்லையென்றால் உருபேற்ற வடிவங்களையும் தனியாகத் தேடத்தான் வேண்டும்.

மூன்றாவது தலைவலி எழுத்துரு. யூனிகோடுக்கு முன்பும், அதன்பிறகு பல வருடங்களும், ஆய்வேடுகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் அழகான தமிழ். நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறிக்குத் தெரிவது அந்தக் குவியல்தான். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள தமிழ் ஆய்வேடுகளில் நிறைய இப்படி, அல்லது வெறும் ஸ்கேன் படங்கள். ஆகவே அங்கே உள்ளடக்கத்தில் தேடி ஒன்றும் வரவில்லை என்பதற்கு ‘இந்தத் தலைப்பில் ஆய்வே நடக்கவில்லை’ என்று பொருள் இல்லை. துறைவாரியாகவும் நெறியாளர் பெயர்வாரியாகவும் பட்டியலை உலாவித்தான் பார்க்கவேண்டும். ஆய்வு இடைவெளி என்று அறிமுக இயலில் எழுதப்படுவதில் கணிசமான பகுதி எழுத்துரு இடைவெளிதான் என்பது கசப்பான விஷயம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் திட்டம் ஆகியவற்றை இந்த வகுப்பிலேயே திறந்து, ஒரே நூலை மூன்றிலும் தேடவையுங்கள். பதிப்பு வருடம் வேறுபடுவதை மாணவர்களே பார்ப்பார்கள். முதல் பதிப்பு எது, மறுபதிப்பு எது என்ற விவாதம் அதிலிருந்து தானாக வரும்.

பக்கத்தை விட்டு வெளியே போவது

மூலத்தை மதிப்பிட, இணையதளத்தின் வடிவமைப்பு, ‘எங்களைப் பற்றி’ பக்கம், முகவரியின் இறுதி எழுத்துகள் என்று சரிபார்ப்புப் பட்டியல் கொடுப்பது நீண்ட நாள் வழக்கம். அது போதாது என்று காட்டியது ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பெர்க், சாரா மெக்ரூ செய்த ஆய்வு. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், இளநிலை மாணவர்கள் 25 பேர் ஆகியோர் இணையத்தில் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு வேலை, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகள் இரண்டை ஒப்பிடுவது. ஒன்று பெரும்பான்மை மருத்துவர்களின் சங்கமான அகாடமி. மற்றொன்று ‘காலேஜ்’ என்ற கம்பீரமான பெயரோடு அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. வரலாற்று அறிஞர்களிலேயே பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் வந்த பக்கத்தை அதிகம் படிக்காமல் புதிய தாவல்களைத் திறந்து, மற்றவர்கள் இந்த அமைப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

இதே பயிற்சியைச் செய்ய 30 நிமிடம் போதும். திரையைப் பதிவு செய்துகொண்டு, முதல் முறை பக்கத்தை விட்டு வெளியேறியது எத்தனையாவது நொடியில் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு இந்திய ஆய்விதழ்களுக்கு வாருங்கள், ஏனென்றால் மாணவர்களுக்கு நிஜமாகப் பணமும் பெயரும் போகும் இடம் அது. யுஜிசி ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. ‘பட்டியலில் இருக்கிறதா?’ என்று பார்த்து முடிவெடுத்த காலம் போய், மதிப்பிடும் பொறுப்பு நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வந்துவிட்டது. ‘யுஜிசி-கேர் அங்கீகாரம் பெற்றது’ என்று இன்னும் முகப்பில் போட்டிருக்கும் இதழ்களே வகுப்புக்கு நல்ல பொருள்.

ஓர் இதழைச் சோதிக்கும் வரிசை: ஐஎஸ்எஸ்என் எண்ணை (இதழின் சர்வதேச அடையாள எண்) அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் போட்டுப் பெயரும் நாடும் இணையதள முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, கடைசி இரண்டு இதழ்களில் எத்தனை கட்டுரைகள், எத்தனை துறைகள் என்று எண்ணுவது, மூன்று கட்டுரைகளின் டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்) உண்மையில் அந்தக் கட்டுரைக்கே போகிறதா என்று சொடுக்குவது, ஆசிரியர் குழுவில் இருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய் இந்தப் பொறுப்பை அவர்கள் அங்கே குறிப்பிட்டிருக்கிறார்களா என்று தேடுவது. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸின் இலவச இதழ்ப் பட்டியலில் நீங்களே தேடவேண்டும். இதழின் தளத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கிப் போகக்கூடாது. நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு. பெயர் சரி, எண் சரி, முகவரி மட்டும் வேறு. வேகமாகப் பார்ப்பவர் சிக்குவது அங்கேதான்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998 லான்செட் கட்டுரை முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது 2010-இல்தான். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023-இல் டிஓஐ பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப் வசமாகி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஸோடெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் மேற்கோள்களைச் சேமித்தால், திரும்பப் பெறப்பட்டவற்றுக்கு அதுவே எச்சரிக்கை காட்டும்.

ஐந்து, ஆறாம் வாரத்தின் சோர்வு

ஏறக்குறைய இந்தக் கட்டத்தில் பாதி வகுப்பு தலைப்பை மாற்றவேண்டும் என்று வரும். கேரல் குல்தாவ் தகவல் தேடலை ஆறு கட்டங்களாக விவரித்தபோது, தலைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் துழாவல் கட்டத்தில்தான் குழப்பமும் ஐயமும் கூடுகின்றன என்று கண்டார். அதை மாணவர்களிடம் இந்த வாரத்தில் சொல்லுங்கள், முன்பே சொன்னால் காதில் ஏறாது. தலைப்பு மாற்ற அனுமதி கேட்பவரிடம் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். பத்துத் தேடலுக்குக் குறைவாக இருந்தால், இன்னும் ஒரு வாரம் அதே தலைப்பில் தேடட்டும்.

செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோள்கள்

தடை விதித்துப் பயனில்லை. சாட்ஜிபிடி போன்ற ஒன்றிடம் தங்கள் தலைப்பில் 10 ஆய்வுக் கட்டுரைகள் கேட்டு, ஒவ்வொன்றையும் சரிபார்த்து நான்கு வகையாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: (1) இருக்கிறது, சொன்னதையே சொல்கிறது; (2) இருக்கிறது, ஆனால் வேறு எதையோ சொல்கிறது; (3) ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, கட்டுரை மட்டும் பொய்; (4) எதுவுமே இல்லை. நான்காவது வகையை எவரும் பிடித்துவிடுவார்கள். மூன்றாவதில்தான் கவனம் தேவை, ஏனென்றால் அந்த ஆசிரியர் அந்தத் துறையில் நிஜமாகவே எழுதுபவர், ‘எழுதியிருப்பார்’ என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும். சரிபார்க்க, இதழின் சொந்தத் தளத்தில் அந்தத் தொகுதி, அந்தப் பக்க எண்ணைத் திறந்து அங்கே என்ன கட்டுரை இருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ததற்காக நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விதித்த மாட்டா எதிர் அவியாங்கா வழக்கை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் இயந்திரத்தின் மேல் போடவிடாதீர்கள். எல்செவியர் பதிப்பகத்தின் கட்டுரை வார்ப்புருவில், மேற்கோள் எப்படி எழுதவேண்டும் என்று காட்ட வான் டெர் கீர் முதலானோர் 2000-இல் எழுதியதாக ஒரு கற்பனைக் கட்டுரை போடப்பட்டிருந்தது. அழிக்க மறந்தவர்கள் புண்ணியத்தில் அது நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் நிஜ மேற்கோளாக ஏறிவிட்டது. சாட்ஜிபிடி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

மாணவர்கள் செய்யும் சிறு ஆய்வு

ஒன்பதாம் வாரத்திலிருந்து மூன்று மூன்று பேராகப் பிரிந்து, பிறர் எப்படித் தேடுகிறார்கள் என்று ஆராயட்டும். நம் ஊர் நூலகத் துறை ஆய்வுகளின் நோய் வினாத்தாள். 300 பேரிடம் ‘மின்வளங்களைப் பயன்படுத்துகிறீர்களா?’ என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு, சதவீத அட்டவணை போட்டு முடிப்பது. மக்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைத்தான் அது அளக்கிறது. செமினாரில் வினாத்தாளுக்கு அனுமதி இல்லை என்று கறாராகச் சொல்லிவிடலாம்.

ஒரு குழுவுக்கு ஐந்து பங்கேற்பாளர்கள் போதும். எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கி, ஒரே வேலையைக் கொடுத்து, 15 நிமிடம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடச் சொல்லவேண்டும். திரையையும் குரலையும் பதிவு செய்யவேண்டும். ஒப்புதல் வாங்கும்போதே, பங்கேற்பவரின் மின்னஞ்சல், வாட்ஸ்அப் திரையில் தெரியாதபடி புதிய உலாவிக் கணக்கைத் திறந்து கொடுங்கள். அவர் 15 நொடி மௌனமானால் ‘இப்போது என்ன ஓடுகிறது?’ என்று மட்டும் கேட்கலாம். ‘ஏன் அதைச் சொடுக்கினீர்கள்?’ என்று கேட்டால் அந்த நொடியிலேயே காரணம் தயாரித்துச் சொல்லத் தொடங்குவார், அதன்பிறகு தேடலும் இயல்பாக இருக்காது. உதவி செய்யத் துடிக்கும் மாணவர்தான் பதிவைக் கெடுப்பவர். அவரைக் குறிப்பெடுக்க வையுங்கள்.

பதிவைக் குறியிட எளிய பட்டியல் போதும்: தேடல் வரி எத்தனை முறை மாறியது, எதனால் மாறியது, முடிவுகளில் எத்தனையாவது இணைப்பைத் திறந்தார், பக்கத்தை விட்டு வெளியே சரிபார்த்தாரா, நிறுத்த முடிவெடுத்தபோது என்ன சொன்னார். இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு ஒப்பிடவேண்டும். முரண்படும் இடங்களில் பட்டியலின் வரையறை தெளிவில்லை என்று பொருள். திருத்திவிட்டு மறுபடி குறியிடுவது. ஐந்து பேரை வைத்து ‘60 சதவீதம்’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள், ‘ஐவரில் மூவர்’ என்று எழுதட்டும்.

மதிப்பெண்

100-க்கு: தேடல் பதிவேடு 35, மேற்கோள் சங்கிலி 20, இதழ்ச் சோதனையும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியும் 15, சிறு ஆய்வு 20, மற்றொருவர் பதிவேட்டைப் படித்து எழுதும் ஒரு பக்கக் கருத்து 10. முடிவில் கட்டுரையோ தேர்வோ வேண்டாம். வைத்தால் மாணவர்கள் முழு உழைப்பையும் அதில் போட்டுவிட்டு, பதிவேட்டைக் கடைசி இரவில் நிரப்புவார்கள். பதிவேட்டை மூன்று, ஏழு, பன்னிரண்டாம் வாரங்களில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு பதிவேட்டுக்கு 10 நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டியதில்லை. ‘அடுத்து என்ன மாற்றப்போகிறேன்’ கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தாலே ஆள் எப்படி யோசிக்கிறார் என்று தெரியும்.

எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கை பற்றிய கேள்வி நிச்சயம் வரும். 2018 யுஜிசி விதிமுறைகளின்படி 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 என்று படிகள். இதை மாணவர்கள் ‘10 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். சொற்களை மாற்றிப்போட்ட திருட்டு மென்பொருளின் கண்ணில் படாமல் போகலாம், பழைய எழுத்துருவில் உள்ள நூலிலிருந்து எடுத்தது அதற்குத் தெரியவே தெரியாது. அறிக்கையின் எண்ணைப் பார்க்காமல் அதில் வண்ணமிட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்க வையுங்கள். நூலடைவும் முறையான மேற்கோளும் வண்ணமாகி எண்ணைக் கூட்டியிருக்கும். உண்மையான பிரச்சினை வேறெங்கோ நிறமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

கடைசி வகுப்பில் விளக்கவுரை ஸ்லைடுகள் வேண்டாம். ஒவ்வொருவரும் தங்கள் பதிவேட்டில் தோற்றுப்போன ஒரு தேடலைத் திரையில் மறுபடி ஓட்டிக்காட்டட்டும், ஆளுக்கு எட்டு நிமிடம். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள், வேலை செய்த தேடல் வரிகள், போலி என்று உறுதியான இதழ்த் தளங்கள் ஆகியவற்றைப் பெயர் நீக்கி ஒரே கோப்பாகத் தொகுத்து நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த அணிக்கு முதல் வாரமே அது தேவைப்படும்.